ஒரகடத்திலிருந்து ஆலம்பரை வரையில்

ஒரகடத்து நேயர்களுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. வண்டி செய்வதே அங்கே ஊர்த் தொழிலாகிவிட்டது. ஆனால் வாரமெல்லாம் வண்டி செய்கிறவர்களை, ஞாயிற்றுக்கிழமையன்று குடும்ப சமேதராய் அதில் ஏறி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், சென்னைக் கடற்கரைக்கு என்கிறார்கள். அங்கே ஜலசமுத்திரத்தைக் காட்டிலும் ஜனசமுத்திரந்தான் அதிகம்! நாம் சிபாரிசு செய்வது வேறு திக்கு.

சிங்கப்பெருமாள் கோவில், செங்கற்பட்டு, மதுராந்தகம் என்று தெற்கே சென்று, செய்யூர் மார்க்கமாய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் இடைக்கழிநாடு வந்துவிடும். கழிகளுக்கு இடையே கிடக்கும் நாடு, பெயரே விலாசம். உப்பளமும் பனையும் சவுக்கும் மாறி மாறி வருகின்றன. சேற்று நீரில் நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறது. வண்டியின் ஊதுகுழலை அது சட்டை செய்வதில்லை.

சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டில் பாணர் கூட்டம் எயிற்பட்டினக் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கி நடக்கிறது. அந்தப் பட்டினம் இன்றைய மரக்காணமே என்பாருண்டு. பரதவர் வீடுதோறும் சுட்ட மீன் கொடுத்து உபசரிப்பார்கள் என்று புலவர் வழி சொல்கிறார். கூடவே கொடுத்த பானத்தைப் பற்றி இங்கே நாம் பிரஸ்தாபிக்கப் போவதில்லை.

கடப்பாக்கத்துக்கு அருகே கழியும் கடலும் கூடுமிடத்தில் ஆலம்பரைக் கோட்டை நிற்கிறது. 1750-ல் முஸாபர் ஜங் இதை டூப்ளேக்குத் தத்தம் செய்தான். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். நாணயம் அடித்த இடத்தில் இன்று ஆடு மேய்கிறது. மிஞ்சியிருந்த சுவரிலும் 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை தன் பங்கை எடுத்துக்கொண்டது. எஞ்சிய செங்கல்லில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிவிட்டுப் போகும் வாலிபர்களைப் பற்றி என்ன சொல்வது? டூப்ளேகூட அப்படிச் செய்யவில்லை.

கோட்டைக்கு அடுத்தாற்போல் மீனவர் குப்பம். ஒரகடத்துத் தொழிற்சாலைக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. இந்தக் கரையும் ஒரு தொழிற்சாலைதான். வாசல் இல்லாததொன்றே குறை. அதனால் வந்தவர்கள் காயும் வலைமேல் செருப்போடு நடக்கிறார்கள். படகின்மேல் குழந்தைகளை ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். சோடாப் புட்டியை மணலில் எறிந்துவிட்டு வண்டி ஏறுகிறார்கள். வலை கிழிந்தால் அதைப் பின்னி முடிக்கும் வரையில் ஒரு வீட்டுக்கு வருமானம் இல்லை. பல லட்ச ரூபாய் வண்டிக்குச் சொன்ன விலையைக் கொடுத்தவர், ஒரு கூறு நெத்திலிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

போகிறவர்கள் விடிகாலையிலேயே கிளம்புவது உத்தமம். வெயில் ஏறினால் கோட்டையில் நிழல் அகப்படாது. கோடை விடுமுறையில் போனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகுவதற்காக, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சிறு படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே அந்நாட்களில் குப்பத்தில் விலை சற்று ஏறியிருந்தால் அதிசயமில்லை. மூடியுள்ள பாத்திரமொன்றைக் கையோடு கொண்டு போவது அவசியம். வண்டியின் மெத்தையில் இறால் தண்ணீர் சொட்டிவிட்டால், அடுத்த ஞாயிறு வரையில் அந்த வாசனையும் குடும்பத்தோடு பிரயாணம் செய்யும்.