மலையைக் கண்டு மலைக்கலாமா?

வடபழனி என்னும் பெயரிலேயே ஒரு மலையின் நினைவு ஒலிக்கிறது. ஆனால் தென்னாட்டுப் பழனியில் உள்ளது போன்ற குன்று ஏதும் இங்கு இல்லை. கடலோரச் சமவெளியில் வாழும் நம்மில் பலர் சைக்கிளில் கண்ட மிகப் பெரிய மேடு ஒரு மேம்பாலமாகத்தான் இருக்கும். ஆகவே, “மலைச்சாலையில் சைக்கிள் விடலாம், வா” என்று யாரேனும் அழைத்தால், “அதெல்லாம் வீராங்கனைகளுக்கு உரியது. கடைக்கும் டியூஷனுக்கும் சைக்கிளில் போகும் நமக்கு எதற்கு?” என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இந்தப் பதில் சரிதானா? சற்றே சிந்திப்போம், தோழியரே!

மலை நம்மிடம் கேட்பது என்ன என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். மலைச்சாலைகளில் 100 மீட்டர் தூரத்திற்கு 6 மீட்டர் உயர்வு என்பது சாதாரணமாகக் காணப்படும் ஏற்றம். அப்படியானால் 1 கிலோமீட்டர் சென்றால் 60 மீட்டர் உயர்ந்துவிடுவோம். அது இருபது மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறுவதற்குச் சமம். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் முன்னேறும். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நம்மையும் வண்டியையும் சேர்த்து ஓர் அடி உயரம் தூக்குகிறோம் என்று பொருள். மூச்சு வாங்குவதில் வியப்பென்ன? கியர் வைத்த சைக்கிளாக இருந்தால், அதே உழைப்பைப் பல சுற்றுகளாகப் பங்கிட்டுக் கொள்ளலாம். கியர் நம் உழைப்பைக் குறைப்பதில்லை. நூறு ரூபாய்க் கடனைப் பத்துப் பத்தாக அடைப்பது போன்றது அது.

இவ்வளவு கடினமானதைச் சாதாரணமானவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் என் பதில். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக் கூடும். அவர்களுக்காக ஒரு வரலாற்றுச் செய்தியைக் கூற விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1910-ஆம் ஆண்டில்தான் பிரினீசு மலைத்தொடரின் மிக உயர்ந்த கணவாய்கள் அதில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் அன்று ஏறியவர்களில் குஸ்தாவ் காரிகு என்பவர் எங்குமே இறங்காமல் மிதித்து ஏறி, 100 பிராங்கு பரிசு பெற்றார். ஒக்தாவ் லப்பீஸ் என்பவரோ மிதித்தும், இயலாத இடத்தில் இறங்கித் தள்ளியும் ஏறினார். ஆனால் அன்றைய ஓட்டத்திலும், அந்த ஆண்டின் முழுப் பந்தயத்திலும் வெற்றி பெற்றவர் லப்பீஸ்தான்! உலகப் புகழ் பெற்ற வீரரே தள்ளிக்கொண்டு போயிருக்க, நாம் தள்ளினால் மட்டும் அவமானமா? மலை ஏறுவதற்கும் பந்தயம் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துவிட்டால் பாதி அச்சம் அகன்றுவிடும்.

நம் நாட்டிலும் இதற்கேற்ற இடங்களுக்குக் குறைவில்லை. திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள ஏலகிரியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை சென்று இறங்கினால் மலை கண்ணெதிரே நிற்கும். அந்த மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். பேருந்தில் செல்பவருக்கு அவை வெறும் பலகைகள். சைக்கிளில் செல்பவளுக்கோ கபிலர் ஓர் இளைப்பாறுமிடம், ஔவையார் ஒரு மிடறு தண்ணீர், பாரி ஒரு பெருமூச்சு! “அடுத்த பலகை வரைக்கும்தான்” என்று சொல்லிக்கொண்டே ஏறினால், அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியின் உண்மை அங்கே விளங்கும்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்களுக்கு நம் அருகிலேயே பரங்கிமலை இருக்கிறது. நூறடிச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்று கிண்டியைக் கடந்தால் அதன் அடிவாரத்தை அடையலாம். உயரம் ஏறத்தாழ 300 அடிதான். படிகளுடன் சாலையும் உண்டு. முதல் பாடத்திற்கு அது போதும்.

“பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா?” என்ற கேள்வியும் எழாமல் இராது. பத்து வயது வரை தெருவெல்லாம் சைக்கிள் விட்ட எத்தனையோ சிறுமியர், சற்று வளர்ந்ததும் “இனி வேண்டாம்” என்ற ஒரு சொல்லால் நிறுத்தப்படுகிறார்கள். வண்டி அண்ணனுக்கோ தம்பிக்கோ போய்விடுகிறது. இந்த நிலை மாறக்கூடியதே என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்று. 1991-92-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் கல்லுடைப்பவர்களும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். தொடக்கத்தில் ஏளனப் பேச்சுகள் எழாமல் இல்லை. ஆயினும் அவர்கள் வண்டியை விடவில்லை. பேசியவர்கள்தான் பேச்சை விட்டார்கள். அவர்கள் ஏறிய அந்த மேட்டைவிடவா ஏலகிரி செங்குத்தானது?

எனினும் துணிவு வேறு, முரட்டுத்தனம் வேறு. மலைப்பயணத்தில் உண்மையான ஆபத்து ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் இருக்கிறது. ஏற்றத்தில் தவறினால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறினால் அது நிற்காது. புறப்படுமுன் இரண்டு பிரேக்குகளையும் சோதிக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் ரிம் சூடேறும். ஆகவே அவ்வப்போது பிடித்தும் விட்டும் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். வளைவுக்கு உள்ளே நுழைந்த பின் அல்ல, வருவதற்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். துப்பட்டாவை இறுகக் கட்டி, தலைக்கவசம் அணிந்து, இடப்புறமாகவே செல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் துணையுடன் நான்கைந்து பேராக விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதே நலம். குழுவில் மிக மெதுவாகச் செல்பவளின் வேகமே அனைவரின் வேகமாக இருக்கட்டும். ‘இறக்கம் பயமாக இருக்கிறது’ என்று ஒருத்தி சொன்னால், அங்கும் இறங்கித் தள்ளலாம். அவளைக் கேலி செய்பவளுக்கு மலை ஏறும் தகுதி இல்லை.

இப்படி ஏறி இறங்குவதால் மதிப்பெண் கூடுமா என்று கேட்டால், கூடாது. ஆனால் ‘என்னால் எவ்வளவு முடியும்’ என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே வளரும் நமக்கு, அதைத் தன் காலாலும் தன் மூச்சாலும் தானே அளந்து அறியும் வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கிறது? முடிந்த இடம் வரை மிதித்து, முடியாத இடத்தில் தள்ளி, மீண்டும் ஏறி மிதித்துச் சென்றவளுக்கு அந்த அளவு தெரியும். பின்னர் வேறு எதையேனும் காட்டி “உன்னால் ஆகாது” என்று யாராவது சொன்னால், “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அவள் அமைதியாக விடை கூறுவாள்.

எனவே தோழியரே, மூலையில் சாய்த்து வைத்த சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். பெற்றோரிடம் கேளுங்கள், முடிந்தால் அவர்களையும் உடன் அழையுங்கள். மலை வேகமாக வரச் சொல்லவில்லை. வந்தால் போதும் என்றுதான் காத்திருக்கிறது.