கடை வைக்குமுன் இடம் பாருங்கள்

கோவைக்குக் கடல் இல்லை. ஆயினும் உக்கடத்தில் மீன் வாணிபம் செழித்துள்ளது. காரணம் எளிது. பாலக்காட்டுச் சாலையும் பொள்ளாச்சிச் சாலையும் ஆத்துப்பாலத்தில் ஒன்றுகூடி, உக்கடம் வழியாகவே நகருக்குள் நுழைகின்றன. சரக்கும் வாங்குவோரும் எளிதில் சந்திக்கும் இடமே வாணிபத்திற்கு உகந்த இடம்.

ஆனால், இடத்தின் மதிப்பு என்றும் மாறாததன்று. 2018-இல் தொடங்கப்பெற்ற உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. முன்பு நெரிசலில் ஊர்ந்த வண்டிகள் பல இன்று மேலே விரைகின்றன. வழிப்போக்கரை நம்பும் தேநீர்க் கடைக்கு இத்தகைய மாற்றம் இழப்பாகலாம். தேடி வரும் வாடிக்கையாளரையுடைய தையற்கடைக்கோ நன்மையாகலாம். ஆகவே, தொழிலுக்கேற்ற இடமே நல்ல இடம்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, இல்லத்தரசியின் நகையை அடகு வைத்து முன்பணம் கொடுக்குமுன், அந்தத் தெருவில் காலையும் மாலையும் சில நாள்கள் நின்று பாருங்கள். கடந்து செல்வோர் எத்தனை பேர், நின்று வாங்கக்கூடியவர் எத்தனை பேர் என எண்ணுங்கள். முன்பிருந்தவர் ஏன் காலி செய்தார் என அண்டைக் கடையில் கேளுங்கள். சாலைப் பணி ஏதும் வரவிருக்கிறதா என மாநகராட்சியில் விசாரியுங்கள். இவற்றைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஆராய்ந்து முடிவு செய்யுங்கள். கடை வாடகையைக் கடைதான் ஈட்ட வேண்டும். வீட்டு அடுப்பு அதற்கு ஈடாகலாகாது.