சூப்பர்சார்ஜர் விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நமது இளைஞர்கள் சிலருக்கு, வீட்டிலேயே எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டிப் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், வீட்டு வாசலில் பொனட்டைத் திறந்து வைத்து இரவிரவாக வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தவர்கள் சத்தத்தைப் பற்றி மட்டும் முறைப்படுகிறார்கள். நான் இதை வியாபாரக் கண்ணோடு பார்க்கிறேன். அந்தப் பாகம் வானத்திலிருந்து விழவில்லை. பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ ஒரு கடையில் ஒருவர் விற்றிருக்கிறார். அவர் நம்மவராகவும் இருக்கலாம். விற்றவரின் பொறுப்பு காசை எண்ணி வாங்கியதோடு முடிகிறதா என்பதுதான் இந்த வாரம் நான் எழுப்பும் கேள்வி.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் சேர்த்து எரித்துச் சக்தி எடுக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெற்றோலைத்தான் எரிக்க முடியும். சாதாரண எஞ்சின் காற்றைத் தானாக உறிஞ்சும். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். எஞ்சினின் சுழற்சியிலிருந்து ஒரு பெல்ட் வழியாக அது ஓடுகிறது. டேர்போ புகைக் காற்றின் வேகத்தில் சுழலும்; அது வேறு பொருள்.

இது புதிய சரக்கு அல்ல. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதும் இயந்திரம் முதலில் இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது. பின்னர்தான் அது காருக்கு வந்தது. நமது ஊரும் அதன் இரைச்சலைக் கேட்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பிய ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களில் இருந்தது சூப்பர்சார்ஜர்தான். மேலே போகப் போகக் காற்று மெலியும். அந்தக் குறையை நிரப்ப அது தேவைப்பட்டது.

இன்று நமது நாட்டில் இந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. இங்கே காருக்கான தீர்வை எஞ்சினின் சிசி அளவைப் பார்த்து ஏறுகிறது. பெரிய எஞ்சின் வாங்கக் கட்டுப்படியாகாது. 1,000 சிசிக்கும் குறைந்த டேர்போ எஞ்சினோடு வந்த ஹொண்டா சிவிக் இங்கே விலைபோனதும் அதனால்தான். அதோடு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருடமாகப் புதிய கார் வராத நாட்டில், கையிலிருக்கும் பழைய காருக்குப் பலம் கூட்டுவோம் என்று இளைஞன் நினைப்பதில் வியப்பில்லை. அவனுடைய ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் கிரீஸ் பட வேலை பழகும் பிள்ளை நமக்குத் தேவை.

பிழை எங்கே வருகிறது என்றால், பெட்டியை வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பில் வருகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். சூப்பர்சார்ஜர் அதற்கு மேல் 6 இறாத்தல் கூட்டினால், கணக்குப்படி 40 சதவீதம் வரை கூடுதல் காற்று. ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்று விரியும். சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு போகும். இலாபம் கையில் வரும்போது 40 அல்ல. செலவோ முழுதாக வரும்: கூடுதல் சூடு, கூடுதல் அமுக்கம், பிஸ்டனுக்கும் கேஸ்கட்டுக்கும் கூடுதல் பாரம்.

தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். டொயோட்டா 1986இல் தன் எம்ஆர்2 காருக்கு சூப்பர்சார்ஜர் வைத்தபோது, இருந்த 1,600 சிசி எஞ்சினில் பெட்டியை மட்டும் பூட்டி அனுப்பவில்லை. 9.4 ஆக இருந்த கொம்ப்ரஷனை 8க்கு இறக்கியது. அடித்து உருவாக்கிய பலமான பிஸ்டன் போட்டது. காற்றைக் குளிராக்க இன்டர்கூலர் வைத்தது. அதன் பிறகுதான் 145 குதிரை வலு என்று விற்றது. இத்தனை பொறியியலாளர்கள் உள்ள கம்பனியே அடித்தளத்தை மாற்றித்தான் பலத்தைக் கூட்டியது. நமது தம்பி 2012இல் வந்த டொயோட்டா 86ஐ வைத்திருந்தால் அதன் கொம்ப்ரஷன் 12.5. அதற்கும் சூப்பர்சார்ஜர் செட் உண்டு. ஆனால் குறைந்த அமுக்கத்தில், சரியான பெற்றோல் கணக்கோடுதான் அது உயிரோடு இருக்கும்.

இதில் இன்னொரு பழைய சம்பவம் வியாபாரிகளுக்கு ஏற்றது. 1929இல் பென்ட்லி காருக்கு சூப்பர்சார்ஜர் வைக்க வேண்டும் என்று ஓட்டவீரர் டிம் பேர்கின் பிடிவாதம் பிடித்தார். பணம் போட டொரதி பேஜெட் என்ற சீமாட்டி இருந்தார். கம்பனியை ஆரம்பித்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு விருப்பமில்லை, பலம் வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்குங்கள் என்பது அவர் கட்சி. மற்றவர்கள் கேட்கவில்லை. 1930 லே மான் 24 மணி நேர ஓட்டத்தில் சூப்பர்சார்ஜர் பென்ட்லிகள் இரண்டும் பாதியில் நின்றன. பெரிய எஞ்சின் வைத்த பென்ட்லிகள் முதலாம் இரண்டாம் இடங்களில் வந்தன. பணமும் ஆசையும் ஒரு பக்கம் நிற்கும்போது, பொருளைத் தெரிந்தவன் வாய் திறந்து சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஆகவே சூப்பர்சார்ஜர் கேட்டு வருபவரிடம் விற்பவர் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: எந்தக் கார், எந்த எஞ்சின், கொம்ப்ரஷன் எவ்வளவு, எஞ்சினின் இப்போதைய நிலை என்ன? எண்ணெய் எரிக்கும் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டுவது கடனில் இருக்கும் கடைக்கு இன்னொரு மாடி கட்டுவது போல.

இரண்டு: பெற்றோல் கணக்கை யார் சரிசெய்வார்? காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். பெரிய இன்ஜெக்டர், போதிய பம்ப் வேண்டும். எஞ்சின் கம்பியூட்டரைத் திரும்ப அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பெற்றோல் குறைந்து காற்று மிஞ்சினால் எஞ்சின் நொக் அடித்து, பிஸ்டன் உருகும். ஒக்டேன் 92 போதுமா, 95 வேண்டுமா என்பதும் இதில் அடங்கும். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்த காலத்தை மறந்தவர்கள், இந்தக் காரின் செலவையும் யோசிக்க வேண்டும்.

மூன்று: வேகம் கூடும் காருக்கு பிரேக்கும் டயரும் மாறுகின்றனவா? 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் காரோட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் மரணித்தார்கள். ஓட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே அந்த நிலை. மரைன் டிரைவில் மாலையில் பிள்ளைகளோடு நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

நான்கு: கடதாசி வேலை என்ன? எஞ்சினில் செய்யும் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு ஒழுங்காக்க வேண்டும். வருடாந்த வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். எல்லாவற்றையும் விட இன்சூரன்ஸ். காப்புறுதி என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் உடன்படிக்கை. சொல்லாமல் மறைத்த மாற்றத்தைக் காட்டி, விபத்துக்குப் பிறகு கம்பனி கையை விரித்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

வீட்டில் பூட்டுபவருக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்லி அனுப்பலாம். ஜக்கில் மட்டும் காரை நிறுத்திவிட்டுக் கீழே படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். பெற்றோல் குழாயில் அமுக்கம் இருக்கும். அதை இறக்கி, பற்றரியைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். கொள்ளுப்பிட்டியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மாடிக்கு மேல் மாடி. ஒரு வாசலில் பற்றும் நெருப்பு ஒரு வாசலோடு நிற்காது.

வாடிக்கையாளரிடம் கேட்பதோடு, நமது பொருளைப் பற்றியும் நாம் சொல்ல வேண்டும். ஜப்பானில் கழற்றிய பழைய சூப்பர்சார்ஜர் என்றால் உள்ளே சுழலும் பாகத்தின் பூச்சு தேய்ந்திருக்கிறதா, பெயாரிங் சத்தம் போடுகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று விற்பவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். வெளியைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பது வியாபாரம் ஆகாது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஈரத் தானியம் மாவைத்தான் கெடுக்கும். இந்தப் பொருளின் குறை ஆளையே கெடுக்கும். மறைத்த குறைக்காகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் உண்டு.

நாட்டின் சட்டமும் அதிக தூரத்தில் இல்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. “நானா, இது என்ட காருக்குச் சரிவருமா?” என்று அவன் கேட்டு, “சரிவரும் தம்பி, கொண்டு போங்க” என்று நாம் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்கு விலை இருக்கிறது.

சில சகோதரர்கள் சொல்வார்கள்: இவ்வளவு கேட்டால் தம்பி பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்று. போகலாம். ஆனால் எஞ்சின் உடைந்த பிறகு அவனுடைய வாப்பா யாருடைய கடை வாசலில் வந்து நிற்பார்? கேட்டு விற்பதில் இலாபமும் இருக்கிறது. பெட்டியை மட்டும் விற்பவர் ஒரு தடவை விற்கிறார். இன்ஜெக்டர், இன்டர்கூலர், பிரேக், பெல்ட் என்று முழுப் பட்டியலையும் எழுதிக் கொடுத்து, கம்பியூட்டர் அமைக்கத் தெரிந்த கராஜையும் காட்டிவிடுபவரிடம் அந்த வாடிக்கையாளர் பத்து தடவை வருவார்.

நான் முன்வைப்பது சிறிய யோசனை. இந்தப் பொருளை விற்பவர்கள் பில்லிலேயே காரின் மாதிரி, பொருளின் நிலை, சொன்ன நிபந்தனைகள் ஆகியவற்றை எழுதி இரண்டு பக்கமும் கையொப்பம் வைக்கட்டும். ஐந்து நிமிட வேலை. பொருத்தமில்லாத எஞ்சின் என்று தெரிந்தால், “இது உங்கட காருக்கு வேணாம் தம்பி” என்று சொல்லிவிடட்டும். அன்றைக்கு ஒரு வியாபாரம் குறையும். ரிஸ்க்கைத் தருபவன் அல்லாஹ். அந்தக் குறையை அவன் வேறு வழியில் நிரப்புவான், இன்ஷா அல்லாஹ்.