உள்ளானும் உப்பளத் தோழனும்

ஐப்பசியில் ஒருநாள் கோடியக்கரையில் கழித்துத் திரும்பினோம். "அங்கே என்ன வேலை?" என்று கேட்டோரிடம், "பறவை பார்க்கப் போனோம்" என்றோம். சிரித்தார்கள். பாடுபட்டுக் களைத்தவனுக்குப் பறவை எதற்கு, அது காரில் வந்து இறங்கும் கனவான்களின் பொழுதுபோக்கு அன்றோ என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். தோழர்களே, அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதல்நாளே வேதாரண்யம் சென்று தங்கி, விடியுமுன் சதுப்பின் கரையில் நின்றோம். இரவு பெய்த மழையால் சேறு காலைப் பிடித்து இழுத்தது. கிழக்கு வெளுத்தபோது, சாம்பல்நிறச் சேறு என்று நாம் நினைத்திருந்தது அசைந்தது. சேறல்ல அது, உள்ளான் கூட்டம்! எண்ணி மாளவில்லை. ஒன்று எழுந்தால் அத்தனையும் எழுகின்றன. ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்புகின்றன. அதட்டி ஆணையிட ஆளில்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு. அப்பால், ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி இரை தேடிக்கொண்டிருந்தன.

கொசு உள்ளான் என்றொரு சிறு பறவை. கைப்பிடிக்குள் அடங்கிவிடும், எடை முப்பது கிராம் இருந்தால் அதிகம். அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில். அங்கே கோடை முடிந்து இரை மறைந்ததும், பிழைப்புத் தேடிப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கிறது. வழியிலுள்ள சேற்றுநிலங்களில் இறங்கி, உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் புறப்படுகிறது. இடையில் ஒரு சதுப்பைக் குப்பைமேடாக்கினால், இறங்க வந்த கூட்டத்துக்குப் பட்டினிதான். வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் தோழனுக்கு இதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

இந்தப் பயணம் எப்படித் தெரியவந்தது? பறவையைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டதனால் தெரியவந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் தொடங்கிய வலசை ஆராய்ச்சிக்குக் கோடியக்கரை பெயர்பெற்ற களமாயிற்று. அறிஞர் சாலிம் அலியின் பெயரை நாடறியும், அறியவும் வேண்டும். ஆனால் பறவையின் சிறகு ஒன்றும் ஒடியாமல் வலையிலிருந்து எடுத்துக் கொடுத்த கைகள் யாருடையவை? பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள் எனும் பரம்பரை வேட்டைக்காரர்களுடையவை! ஏடு படித்தவனின் அறிவும் பாடுபட்டவனின் கைத்திறனும் கூடியே அந்த அறிவியல் பிறந்தது.

பகலில் ஓர் உப்பளத் தொழிலாளியைச் சந்தித்தோம். பறவைகளைக் காட்டி, "பார்த்தீர்களா?" என்றோம். "பார்க்காம என்னங்க? அதுகளுக்கு வயிறு நெறையுற மாசம், எங்களுக்கு அடுப்பு அணையுற மாசம்" என்றார். நெஞ்சில் தைத்தது. மழை இறங்கினால் பாத்தியில் உப்பு விளையாது. பாத்தி காய்ந்து மறுபடி உப்பெடுக்கும்வரை கூலியும் கிடையாது. 1930இல் அன்னிய அரசை எதிர்த்து உப்பெடுத்த வேதாரண்ய மண்ணில், உப்பெடுப்பவனின் நிலை இது! மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்று தமிழக அரசு கண்ட திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் வேலையற்ற அத்தனை மாதங்களுக்கும் அது போதுமா?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது. காட்டில் மரங்கள் சாய்ந்தன, கரையில் படகுகள் நொறுங்கின, பாத்திகள் பாழாயின. பறவைக்கும் பாட்டாளிக்கும் ஒரே இரவில் அடி விழுந்தது. உள்ளான் கொத்தித் தின்னும் அதே சேற்றில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. வளர்ந்து, மீனவனின் வலைக்கு வருகின்றன. சதுப்பு செத்தால் சாவது பறவை மட்டுமல்ல!

கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பட்டயம் வந்தது; பாதுகாக்க ஆள் வேண்டாமா? அந்த ஆள் அங்கேயே இருக்கிறான், மழைக்காலத்தில் வேலையின்றி! சதுப்பின் ஒவ்வொரு வாய்க்காலையும் அறிந்தவன் அவன். பறவைகளைக் கணக்கெடுக்க, திருட்டுவலை விரிப்போரைத் தடுக்க, பார்க்க வருவோருக்கு வழிகாட்ட அவனை அமர்த்துக; அந்த மாதங்களுக்கு முறையான கூலி கொடுத்திடுக. மீர்ஷிகார்களின் கைத்திறனைப் பயன்படுத்தத் தெரிந்த நாட்டுக்கு இது ஒன்றும் புதிய வழியல்ல.

தோழர்களிடமும் நாம் கேட்பது உண்டு. சந்தையில் காட்டுப்பறவைக் கறி விற்றால் வாங்காதீர். வாங்குபவனிடம் எடுத்துச் சொல்வீர். உங்கள் ஊர் ஏரியில் குப்பை கொட்டினால் தட்டிக் கேட்பீர். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துச் செல்வீர். பறவை பார்க்கக் கண் போதும், கார் வேண்டியதில்லை.

மாலையில் திரும்பும்போது, கூட்டம் சேற்றில் அடங்கிக்கொண்டிருந்தது. அது அடுத்த ஐப்பசியிலும் வரவேண்டும். வரும்போது, கரையில் நிற்கும் உப்பளத் தோழனின் அடுப்பும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.