சூரிய மின்தகட்டின் வாழ்நாள்

ஒரு பொருளின் நன்மை தீமைகளை ஆராய்வோர், அது பயன்படும் காலத்தை மட்டும் நோக்குதல் போதாது. அது பிறந்த இடத்தையும், முடிவில் சென்று சேரும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். சூரிய மின்தகட்டிற்கும் இது பொருந்தும்.

மின்தகடு ஞாயிற்றின் ஒளியை மின்சாரமாக மாற்றுகின்றது. அப்போது புகை எழுவதில்லை, சாம்பல் குவிவதில்லை. ஆயினும், அதன் பிறப்பு அத்துணைத் தூய்மையானதன்று. படிகக்கல்லைக் கரியுடன் சேர்த்து, ஏறத்தாழ 2000 பாகை வெப்பமுள்ள மின்னுலையில் இட்டே சிலிக்கன் எடுக்கப்படுகின்றது. அதனைத் தூய்மை செய்யவும் மிகுந்த மின்சாரம் வேண்டும். உலகின் பெரும்பாலான தகடுகளைச் செய்யும் சீன நாட்டில், மின்சாரத்தின் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தே கிடைக்கின்றது.

“இங்ஙனமாயின் இத்தகட்டால் விளையும் பயன் யாது?” என்று சிலர் வினவுவர். கணக்கை முழுதும் பாராமையால் எழும் வினா அது. தன்னைச் செய்வதற்குச் செலவான ஆற்றலை, வெயில் மிகுந்த நாட்டில், ஒரு தகடு ஏறத்தாழ ஓரிரண்டு ஆண்டுகளில் ஈட்டித் தந்துவிடுகின்றது. அதன் வாழ்நாளோ 25 முதல் 30 ஆண்டுகள். வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால், ஓர் அலகு மின்சாரத்திற்கு அதனால் வெளிப்படும் கரிவளி ஏறத்தாழ 50 கிராம். நிலக்கரியாலோ 800 கிராமுக்கு மேற்படும்.

எனவே, பழிக்கத்தக்கது தகடு அன்று. அதன் முடிவைப் பற்றிய அசட்டையே ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் ஆற்றலுள்ள நிலையம் எழுந்தது. அங்குள்ள தகடுகள் ஏறத்தாழ 25 இலட்சம். 2041-ஆம் ஆண்டையொட்டி அவை கழிக்கப்படும் காலம் வரும். தகட்டின் எடையில் பெரும்பகுதி கண்ணாடி. அலுமினியம், செம்பு, சிறிதளவு வெள்ளி ஆகியனவும் அதில் உள்ளன. முறையாகப் பிரித்தெடுத்தால் இவை செல்வம். வெறுநிலத்தில் எறிந்தாலோ, பற்றாசிலுள்ள ஈயம் மழைநீரில் கசிந்து மண்ணைக் கெடுக்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல், பழைய தகடுகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவற்றை விற்போர்மீது சுமத்தியது. இந்தியாவும் 2022-இல் இயற்றிய மின்னணுக் கழிவு விதிகளில் இத்தகடுகளைச் சேர்த்துள்ளது. ஆனால், விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. பிரித்தெடுக்கும் ஆலைகள் இப்போதே எழ வேண்டும். தகட்டின் விலையிலேயே அதன் இறுதிச் செலவும் சேர்த்து வைக்கப்பெறல் வேண்டும்.

இன்று பள்ளியில் பயிலும் மாணவ மாணவியரே, அத்தகடுகள் ஓய்வு பெறும் நாளில் நாட்டை நடத்துவோர் ஆவர். ஒளியை நுகர்வது ஒரு தலைமுறை, குப்பையைச் சுமப்பது மறு தலைமுறை என்பது அறம் ஆகுமோ? ஆகாது. விளக்கேற்றியவரே திரியின் கரியையும் துடைத்தல் வேண்டும்.