மாத்திரையை வீசச் சொல்லும் வாய்கள்

மலாக்கா மாநிலத்தில் உளநோய்க்குப் புதிதாக மருந்து உண்ணத் தொடங்கும் தமிழனுக்கு முதல் பகையாக வந்து நிற்பது அக்கம்பக்கத்தாரின் வாய். புக்கிட் அசகான் தோட்டமாயினும், ஜாசின், அலோர்காஜா கடைத்தெருவாயினும் இந்நிலை ஒன்றே. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவரை எவரும் தடுப்பதில்லை. இரத்தக் கொதிப்புக்கு உண்பவரை, "மறவாமல் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவர். மனத்துக்கு மருந்து என்றால் மட்டும் ஊரே மருத்துவராகிவிடுகிறது. "அது ஆளையே மரக்கட்டை ஆக்கிவிடும் தம்பி, நிறுத்திப்போடு!" 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். ஊர்ப்பெயரோ வசவுச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு கொடுமை உண்டு. முதற்சில வாரங்களுக்கு அந்த வாய் சொல்வது மெய்போலவே தோன்றும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளால் குமட்டல், தலைவலி, உறக்கக் குலைவு, இனம்புரியாப் படபடப்பு ஆகியவை முதல் நாள்களிலேயே தலைகாட்டலாம். நலமோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்தே மெல்ல அரும்பும். முழுப்பயன் தெரிய ஆறு வாரமும் அதற்கு மேலும் ஆகலாம். நட்டம் முன்னே, இலாபம் பின்னே! இடைப்பட்ட அந்நாள்களில்தான் மாத்திரை குப்பைக்குப் போகிறது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வருவதுண்டு. "பார்த்தாயா, போதைப்பழக்கம் ஆகிவிட்டது" என்று அதற்கும் அதே வாய் தீர்ப்பு எழுதுகிறது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறை ஒன்று இருக்கிறது என்பதை அவர்க்கு எடுத்துரைத்தவர் யார்?

மனச்சிதைவுக்கான மருந்துகளில் சில கைந்நடுக்கமும் உடல் விறைப்பும் தரும். சிலரால் ஓரிடத்தில் அமரவே இயலாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பர். நோய் முற்றிவிட்டது, செய்வினை வேலை செய்கிறது என்று வீட்டார் பூசாரியை அழைக்கின்றனர். அது மருந்தின் விளைவு. அளவை மாற்றினாலோ வேறு மருந்து தந்தாலோ பெரும்பாலும் அடங்கக்கூடியது. இளையோர்க்கு மனச்சோர்வு மருந்து தொடங்கிய வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுவதும் உண்டு. அந்நாள்களில் வீட்டார் விழித்திருந்து, மாற்றம் கண்டதும் மருத்துவரிடம் ஓடவேண்டும். ஆனால் நோயே வெளியில் தெரியக்கூடாது என்று கதவடைக்கும் வீட்டில் எவர் ஓடுவார்?

பிழைப்பின் கடுமையும் இதில் சேர்கிறது. இரவில் உண்ட மாத்திரையின் மயக்கம் விடியுமுன் வெட்டுக்கத்தி ஏந்திச் செல்பவரை விடுவதில்லை. பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் உழைத்து, மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் அதே இடர்தான். முன்பு தோட்டத்தில் டிரசர் என்று ஒருவர் இருந்தார். அவர் கலந்து கொடுத்த கசப்புத் தண்ணீரைப் பற்றி ஆயிரம் கேலிகள் உண்டு. ஆயினும் வாசலில் நின்று தமிழில் விசாரிக்க ஓர் ஆள் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அந்த ஆள் எங்கே? மருந்துறையின்மேல் மலாயில் எழுதியதை வீட்டுப் பாட்டியால் படிக்க இயலுமா? மருத்துவமனைகளும் குற்றமற்றவை அல்ல. சில நிமிடங்களில் சீட்டெழுதி அனுப்புவோர், முதல் மாதத்தில் என்னென்ன நேரும் என்பதையும் சொல்லியனுப்ப வேண்டாவா?

மருந்தை விலக்கி நேர்த்தியை மட்டும் நம்பும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். பின்னாளில் அவ்வூரிலேயே மருந்தையும் துவாவையும் ஒருங்கே வழங்கும் திட்டம் அரசால் தொடங்கப்பட்டது. வேண்டுதலை எவரும் பறிக்கவில்லை. மருந்து உடன் வந்தது, அவ்வளவே. மலேசியாவும் அதே 2001-இல் உளநலச் சட்டத்தை இயற்றி, 2010-இல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் பக்கத்து வீட்டாரின் நாவை எந்தச் சட்டம் கட்டும்?

மாசி மகம் நெருங்கினால் செங் சன்னாசிமலை ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டோர் விரதம் தொடங்குவர். விரதமென்றால் மாத்திரையையும் விட்டுவிட வேண்டுமென எவரோ கிளப்பிவிடுகின்றனர். எந்த ஆண்டவன் மாத்திரையைக் காணிக்கை கேட்டான்? லித்தியம் உண்பவர் நீரருந்தாமல் வெயிலில் வியர்த்து நடந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகவும் கூடும். வாந்தியும் நடுக்கமும் அதற்கு அறிகுறி. இதைப் பூசாரி அறியாதிருக்கலாம். கோயில் நிருவாகத்தார் அறியாதிருக்கலாகாது. ஆண்டுதோறும் அச்சிடும் திருவிழா அறிவிப்பில் அன்னதான உபயகாரர் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடமிருக்கும். மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது என்று அங்கே தமிழில் அச்சிடட்டும். இந்த ஆண்டே அச்சிடட்டும்.