'அவுன்கே'வுக்குப் பின் எது வரும் என்பது தவறான கேள்வி

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானிய மொழி கற்கும் மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். சார்பு வாக்கியத்தை முதன்மை வாக்கியத்தோடு பிணைக்கும் இணைப்புச் சொற்களைப் பற்றி அவர் அறிந்தது பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே இருக்கும். இடப்பக்கம் இண்டிகேட்டிவ் வினையை ஏற்கும் சொற்கள்; வலப்பக்கம் சப்ஜங்டிவ் வினையை ஏற்பவை; நடுவே இரண்டையும் ஏற்கும் சங்கடமான சில. மனப்பாடத்துக்கு உதவியாக, அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளில் புழங்கும் 'எஸ்காபா' என்னும் முதலெழுத்துச் சூத்திரம். காரணம் கேட்டால் ஒரே விடை: உறுதியானதற்கு இண்டிகேட்டிவ், ஐயத்துக்குச் சப்ஜங்டிவ்.

இவ்விடை தவறு. முழுமையற்றது என்று நயமாகச் சொல்லி நகர எனக்கு விருப்பமில்லை.

'நாளை மழை பெய்தால்' என்பதைவிட ஐயத்துக்குரிய தொடர் உண்டா? அதை ஸ்பானியத்தில் 'சி யுவேவே மன்யானா' என்று இண்டிகேட்டிவில்தான் சொல்ல வேண்டும். 'யுவேவா' என்று சப்ஜங்டிவ் இட்டால் பிழை. மறுபுறம் 'அந்தெஸ் தெ கே யேகாரா', அதாவது 'அவர் வருவதற்கு முன்'. அவர் நேற்றே வந்து சேர்ந்துவிட்டார்; ஐயம் எள்ளளவும் இல்லை. ஆயினும் வினை சப்ஜங்டிவ். எதிரே நிற்பவரைப் பார்த்து 'நீ வந்திருப்பதில் மகிழ்ச்சி' என்று சொல்லும் 'மே அலேக்ரா கே அயாஸ் வெனீதோ'விலும் அதே சப்ஜங்டிவ். வந்தவர் கண்முன் நிற்கையில் எதை ஐயுறுவது?

டெரெல், ஹூப்பர் ஆகிய இருவரும் 1974இலேயே இதற்கு வேறொரு விளக்கம் தந்துவிட்டார்கள். வினைவடிவத்தைத் தீர்மானிப்பது செய்தியின் உண்மையன்று; பேசுபவர் அச்செய்தியைத் தம் கூற்றாக முன்வைக்கிறாரா, இல்லையா என்பதே. (இக்கோட்பாட்டுக்கும் 'சி' தொண்டையில் சிக்கிய முள்தான். அதை ஒப்புக்கொண்டு மேலே செல்லலாம்.) அரைநூற்றாண்டு கடந்தும் இந்த விளக்கம் நம் வகுப்பறைகளின் வாயிலைத் தாண்டவில்லை. ஏனெனில் நாம் ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் தோள்மீது ஏறி நின்று பார்க்கிறோம்.

'அவுன்கே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஆல்தோ', 'ஈவன் இஃப்' என இரு இணைப்புச் சொற்கள் தேவைப்படுகின்றன, வினை அசைவதில்லை. ஸ்பானியத்தில் இணைப்புச் சொல் ஒன்றே, அசைவது வினை. 'அவுன்கே யுவேவே' என்றால் மழை பெய்கிறது என்று நான் சொல்கிறேன். 'அவுன்கே யுவேவா' என்றால் பெய்தாலும் பெய்யாவிட்டாலும் என் முடிவு மாறாது. இப்போது தமிழுக்கு வாருங்கள். 'மழை பெய்தும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.' 'மழை பெய்தாலும் ஆட்டத்தை நிறுத்தமாட்டார்கள்.' இரண்டிலும் இருப்பது ஒரே உம்மை. வேறுபாட்டைச் சுமப்பது வினையெச்சம். உம்மைக்கு எட்டுப் பொருள் என்று நன்னூலை ஒப்பித்த மாணவருக்கு, ஆங்கிலம் இரு சொற்களாகப் பிளந்து காட்டும் ஒன்றை ஸ்பானியமும் தமிழும் வினையிலேயே வைத்திருக்கின்றன என்று எவரும் சொல்வதில்லை.

இன்னும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. 'அவுன்கே செயா து எர்மானோ' என்பது 'அவன் உன் தம்பியாகவே இருந்தாலும்' என்பதாகும். அவன் தம்பிதான் என்பது இருவருக்கும் தெரியும். ஐயக் கோட்பாடு இங்கே வாயடைத்து நிற்கிறது. ஆனால் தமிழர் எவரும் தடுமாறமாட்டார்: தெரிந்த உண்மையை மறுக்காமலும் அதற்கு எடை தராமலும் ஒதுக்கி வைப்பதற்கு 'இருந்தாலும்' நமக்கு அன்றாடம் பயன்படுகிறது. 'வருவதற்கு முன்' என்பதும் அப்படியே. அவர் வந்து ஓராண்டு ஆனபின்பும் 'வந்ததற்கு முன்' என்று நாம் சொல்வதில்லை.

ஒப்புமை எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. 'கே'யையும் 'என்று'வையும் அருகருகே வைத்தால் சில அடிகளிலேயே வழி பிரிந்துவிடும். ஆனால் வழி எங்கே பிரிகிறது என்று தேடுவதே இலக்கணப் படிப்பு. பட்டியலை உற்றுநோக்கினால் இன்னொன்றும் தெரியும்: 'பாரா கே', 'சின் கே', 'அஸ்தா கே', 'அந்தெஸ் தெ கே' என வரிசையாக அடுக்கப்படுபவை தனித்தனிச் சொற்களே அல்ல. முன்னிடைச் சொல்லோடு 'கே' சேர்ந்தவை. எழுவாய் ஒன்றானால் 'கே' விலகி 'பாரா' மட்டும் வினையின் மூல வடிவத்தோடு நிற்கும். பன்னிரண்டு சொற்களாக மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே அமைப்பு என்று மாணவருக்கு யார் சொல்வது?

1847இல் அந்திரெஸ் பெய்யோ அமெரிக்கக் கண்டத்தாருக்காக ஸ்பானிய இலக்கணம் எழுதியபோது, காஸ்டிலிய மொழியை லத்தீன் அச்சில் வார்ப்பதை எதிர்த்தார். அன்றைய லத்தீனின் இருக்கையில் இன்று நம் வகுப்பறையில் ஆங்கிலம் அமர்ந்திருக்கிறது.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டையன்று. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வட இந்தியாவில் ஸ்பானியம் படிக்க வந்த மாணவர்களை எனக்குத் தெரியும். ஆங்கில விளக்கம் புரியாததால் ஸ்பானியம் வராதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். மூன்றாம் பருவத்தில் துறையையே விட்டுப் போனவரும் அவர்களுள் உண்டு. அவர்கள் தோற்றது ஆங்கிலத்தில். மதிப்பெண் பட்டியலில் பதிவானது ஸ்பானியம். மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் லத்தீன் அமெரிக்கப் புனைவுகளில், கதைசொல்லி எதைத் தம் கூற்றாகச் சொன்னார், எதைச் சொல்லாமல் ஒதுக்கினார் என்ற வேறுபாடு இடையிலேயே மழுங்கிவிடக்கூடும். தமிழில் அதற்கான வடிவம் இருந்தும் மொழிபெயர்ப்பாளர் அதைப் பயன்படுத்த வழியில்லாமல் போகிறது.

'வகுப்பில் வங்காளியும் மலையாளியும் மணிப்பூரியும் இருக்க, ஆசிரியர் எத்தனை தாய்மொழிகளைக் கற்பது?' என்று மூத்த பேராசிரியர்கள் கேட்பார்கள். ஒன்றையும் கற்க வேண்டாம். 'அவுன்கே யுவேவே', 'அவுன்கே யுவேவா' என்ற இரண்டையும் பலகையில் எழுதி, பொருள் வேறுபாட்டை விளக்கி, அவரவர் மொழியில் இவற்றை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால் போதும். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை என்றால், கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் வினாத்தாளிலிருந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.